ஆறு வயதுவரை யார் பிள்ளை?

"ஆறு வயது ஆகட்டும், பிறகு பார்க்கலாம்" என்கிறது சட்டம்.

பாட்டாளி வீட்டுப் பிள்ளைக்கு இந்த நாட்டுச் சட்டம் நடத்தும் முதல் பாடம் இதுதான். ஆறு வயது முதல் பதினான்கு வயதுவரை கல்வி அடிப்படை உரிமை என்று 2009-இல் சட்டம் செய்தார்கள். 2010 ஏப்ரல் முதல் நாள் அது நடைமுறைக்கும் வந்தது. வரவேற்கிறோம். வேண்டாம் என்று சொல்ல நமக்கென்ன பைத்தியமா? ஆனால், நெல்லித்தோப்பிலிருந்து சித்தாள் வேலைக்குப் புறப்படும் தாய், இடுப்பில் இருக்கும் மூன்று வயதுப் பிள்ளையைக் காட்டி, "அதுவரைக்கும் இது யார் பிள்ளைங்க?" என்று கேட்டால், சட்டத்தின் எந்தப் பக்கத்தைப் புரட்டிப் பதில் சொல்வது?

பதில் இருக்கிறது, அதே சட்டத்தின் பதினோராவது பிரிவில். மூன்று வயது முதல் ஆறு வயதுவரை உள்ள பிள்ளைகளுக்கு இலவசமாக முன்பருவக் கல்வி தர அரசு ஏற்பாடு செய்யலாம் என்கிறது அது. 'செய்ய வேண்டும்' என்பதற்கும் 'செய்யலாம்' என்பதற்கும் உள்ள தூரம் தமிழ் தெரிந்த எவருக்கும் தெரியும். "தீபாவளிக்கு போனஸ் கொடுக்கலாம்" என்று முதலாளி சொன்னால், அதை நம்பித் தொழிலாளி துணி எடுத்துவிடுவானா?

எப்போதும் இப்படி இருந்ததா என்றால், இல்லை. 1950-இல் நடைமுறைக்கு வந்த அரசியல் சட்டத்தின் 45-ஆவது விதி, பத்தே ஆண்டுகளுக்குள் எல்லாப் பிள்ளைகளுக்கும் பதினான்கு வயது முடியும்வரை இலவசக் கட்டாயக் கல்வி தர முயல வேண்டும் என்றது. ஆறு வயதிலிருந்து என்று அதில் கோடு கிழிக்கவில்லை. மூன்று வயதுப் பிள்ளையும் அந்தக் கணக்கில் இருந்தது. பத்து ஆண்டு போயிற்று, இருபது போயிற்று, நாற்பதும் போயிற்று. 1993-இல் உன்னிகிருஷ்ணன் வழக்கில் உச்சநீதிமன்றம், பதினான்கு வயதுவரை கல்வி பெறுவது குடிமகனின் உரிமை என்று தீர்ப்பளித்தது. அதன்பின் 2002-இல் 86-ஆவது திருத்தம் வந்தது. ஆறு முதல் பதினான்கு வரை அடிப்படை உரிமை ஆக்கினார்கள். ஆறுக்குக் கீழே உள்ள பிள்ளைகளுக்கோ, 'அரசு முயலும்' என்று எழுதினார்கள். அண்ணனுக்கு உரிமை, தம்பிக்கு முயற்சி! ஒரே வீட்டில் ஒரே பானையில் சோறு தின்னும் இரண்டு பிள்ளைகளை இப்படிப் பிரித்துவிட்டது அந்தத் திருத்தம்.

இதில் என்ன பெரிய குடி முழுகிவிட்டது, மூன்று வயதுப் பிள்ளைக்குப் படிப்பு எதற்கு என்று கேட்போர் நம்மிலும் உண்டு. அவர்களுக்காகத்தான் இந்தக் கட்டுரை. பிள்ளை வளர்ப்பதைப் பெண்கள் சமாசாரம் என்று ஒதுக்கிவிட்டு, கூலி, பஞ்சப்படி, வேலைநேரம் என்று மட்டும் பேசுகிற தோழர்கள் சற்றே நின்று படிக்க வேண்டும். ஏனென்றால் இது கூலியோடும் வேலைநேரத்தோடும் ஒட்டிப் பிறந்த பிரச்சினை.

நெசவாலையில் பிறந்த பள்ளி

புதுவை மக்களுக்கு ஆலை என்றால் என்னவென்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ரோடியர், சவானா, கெப்ளே என்று மூன்று ஆலைகளின் சங்கு கேட்டு எழுந்த ஊர் இது. 1936 ஜூலை 30-ஆம் நாள், உரிமை கேட்டு நின்ற தொழிலாளர் மீது பிரெஞ்சு ஆட்சி துப்பாக்கியை நீட்டியது. பன்னிரண்டு தொழிலாளர் பிணமாயினர். அடுத்த ஆண்டே, 1937-இல், பிரெஞ்சிந்தியாவில் எட்டு மணி நேர வேலை சட்டமாயிற்று. எட்டு மணி நேரத்தை இரத்தம் கொடுத்து வாங்கிய ஊர் கேட்க வேண்டிய அடுத்த கேள்வி ஒன்று உண்டு. தாயும் தகப்பனும் உழைக்கும் அந்த எட்டு மணி நேரமும் பிள்ளை எங்கே இருக்கும்?

இந்தக் கேள்விக்கு உலகம் கண்ட பழைய பதில்களில் ஒன்று பஞ்சாலையிலிருந்துதான் வந்தது. ஸ்காட்லாந்தில் நியூ லானார்க் என்னும் ஊரில் பருத்தி நூற்பாலை நடத்திய ராபர்ட் ஓவன், 1816 ஜனவரி முதல் நாள், தன் ஆலைத் தொழிலாளர் பிள்ளைகளுக்காக ஒரு கல்வி நிலையம் திறந்தார். நடக்கத் தெரிந்த குழந்தை முதற்கொண்டு அங்கே சேர்த்துக்கொண்டார்கள். அதற்கு ஆசிரியராகப் பெரிய பட்டதாரியையா தேடினார்? ஜேம்ஸ் புக்கானன் என்னும் நெசவாளியையும், மாலி யங் என்னும் இளம் பெண்ணையும் அமர்த்தினார். அவர்களுக்கு அவர் போட்ட கட்டளை விசித்திரமானது. பிள்ளையை அடிக்கக் கூடாது, மிரட்டக் கூடாது, எப்போதும் இனிய முகத்தோடு பேச வேண்டும், புத்தகத்தைக் கொடுத்துத் தொல்லை செய்யக் கூடாது. பாட்டும் ஆட்டமும், சுவரில் மாட்டிய விலங்குப் படங்களும், கையில் எடுத்துப் பார்க்கும் பொருள்களும்தான் பாடம்.

இருநூறு ஆண்டு கழித்து ஆராய்ச்சியாளர்கள் கூட்டம் கூட்டமாகக் கூடிச் சொல்வதும் பெரும்பாலும் இதைத்தான். ஒரு நெசவாளி அன்றே அதைச் செய்து காட்டினார்.

நம் நாட்டிலும் 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம், ஐம்பது பெண்களுக்கு மேல் வேலை செய்யும் ஆலையில் ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குக் குழந்தைக் காப்பகம் வைக்க வேண்டும் என்றது. 1976-இல் அந்த எண்ணிக்கையை முப்பதாகக் குறைத்தார்கள். 2020-ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்போ, ஐம்பது பேர் வேலை செய்யும் நிறுவனம் என்று கணக்கு வைத்தது. எந்தக் கணக்கானாலும் அது ஒரே கூரையின் கீழ் வேலை செய்வோரைத்தான் எண்ணுகிறது. புதுவையில் அந்தக் கூரையே போய்விட்டதே! ஆலைகள் நலிந்தன, மூடின. உழைக்கும் பெண் இன்று கட்டட வேலையில் இருக்கிறாள், ஓட்டல் அடுப்படியில் இருக்கிறாள், துணிக்கடையில் நின்றுகொண்டிருக்கிறாள், நான்கு வீட்டில் பாத்திரம் துலக்குகிறாள், மீன்கூடை சுமக்கிறாள். ஐம்பது பேரை ஒரே இடத்தில் எண்ணிக் காட்ட அவளால் முடியுமா? அவள் பிள்ளை மணற்குவியலின் மேலோ, பக்கத்து வீட்டுப் பாட்டியிடமோ, எட்டு வயது அக்காளின் இடுப்பிலோ இருக்கிறது. தம்பியைத் தூக்கிக்கொண்டிருக்கும் அந்த அக்காள்தான் பள்ளிக்கூட வருகைப் பதிவேட்டில் 'வரவில்லை' என்று குறிக்கப்படுகிறவள். கடைக்குட்டிக்கு இடமில்லாத ஊரில் மூத்தவளின் படிப்பும் கெடுகிறது.

ஏழைக்குப் பிறந்து பணக்காரனுக்குப் போனது

கிண்டர்கார்டன் என்ற சொல் இன்று எவ்வளவு பளபளப்பாக ஒலிக்கிறது! ஜெர்மானியர் பிரெடரிக் பிரபெல் 1837-இல் தொடங்கிய முயற்சிக்கு 1840-இல் வைத்த பெயர் அது. 'குழந்தைகளின் தோட்டம்' என்று பொருள். மரப்பந்தும் கட்டைகளும் கொடுத்து, கூட்டாக விளையாடவிட்டுக் கற்பித்தார். 1851-இல் பிரஷ்ய அரசு இந்தத் தோட்டங்களுக்குத் தடை போட்டது. காரணம் என்ன தெரியுமா? சோஷலிசத்தையும் நாத்திகத்தையும் பிள்ளைகளுக்குப் புகட்டுகிறார்களாம்! மரக்கட்டை அடுக்கிய நான்கு வயதுப் பிள்ளையைக் கண்டு மன்னராட்சி நடுங்கிற்று. 1860-இல்தான் தடை நீங்கியது. அதைப் பார்க்கப் பிரபெல் உயிரோடு இல்லை.

அடுத்து மான்டிசோரி. இந்தப் பெயர்ப்பலகையைத் தொங்கவிட்டால் கட்டணம் இரட்டிப்பாகும் காலம் இது. மரியா மான்டிசோரி இத்தாலி நாட்டு மருத்துவர். 1907 ஜனவரி 6-ஆம் நாள் ரோம் நகரின் சான் லோரன்சோ என்னும் ஏழைத் தொழிலாளர் குடியிருப்பில் தம் முதல் குழந்தைகள் இல்லத்தைத் திறந்தார். தாய் தந்தையர் வேலைக்குப் போனபின் கேட்பாரற்றுத் திரிந்த பிள்ளைகள், புதுப்பித்த கட்டடத்தின் சுவரையும் படிக்கட்டையும் பாழாக்குகின்றன என்று கட்டடக்காரர்கள் கவலைப்பட்டார்கள். அதனால்தான் அவருக்கு அந்த அறை கிடைத்தது. மான்டிசோரி முறை முதலில் கண்திறந்தது கூலிக்காரன் பிள்ளையின் நடுவே என்பதை இன்று அந்தப் பெயரால் பணம் வாங்குவோர் எத்தனை பேர் சொல்கிறார்கள்?

அந்த அம்மையார் நம் தமிழ் மண்ணுக்கும் வந்தார். 1939-இல் சென்னை அடையாற்றில் பிரம்மஞான சபையில் அவர் நடத்திய முதல் பயிற்சிக்கு முந்நூறு பேர் அளவில் வந்தனர். போர் மூண்டு இத்தாலி எதிரி நாடானதால் வெள்ளை அரசின் கட்டுப்பாட்டில் இருக்க நேர்ந்தது. கோடைக்கானலில் சில ஆண்டுகள் தங்கிப் பணி செய்தார். ஆயிரக்கணக்கில் ஆசிரியர்கள் பயிற்சி பெற்றுப் போனார்கள். ஆனால் அந்த விதை பெரும்பாலும் வசதி படைத்தோர் தோட்டத்தில்தான் விழுந்தது.

எல்லாம் அப்படியே போய்விடவில்லை. மராட்டிய மண்ணில் தாராபாய் மோடக் அம்மையார் 1945-இல் போர்டி என்னும் சிற்றூரில் வார்லிப் பழங்குடிப் பிள்ளைகளிடம் போனார். பிள்ளைகள் பள்ளிக்கு வரவில்லை. பள்ளியைப் பிள்ளைகளின் வாசலுக்குக் கொண்டுபோனார். விலையுயர்ந்த சாதனங்களுக்குப் பதில் விதை, கிளிஞ்சல், கூழாங்கல், இலை. குடிசையின் முற்றத்தில் நடந்த அந்தப் பள்ளியிலிருந்துதான் 'அங்கன்வாடி' என்ற பெயர் கிளைத்தது. அங்கணம் என்றால் முற்றம் என்பது நம் தமிழுக்கும் தெரிந்த சொல்தானே!

1972-இல் மீனா சுவாமிநாதன் தலைமையில் அமைந்த ஆய்வுக் குழு, முன்பருவப் பிள்ளைகளின் கல்வியும் சத்துணவும் உடல்நலமும் ஒன்றாகத் தரப்பட வேண்டும் என்று எடுத்துரைத்தது. 1975 அக்டோபர் 2-ஆம் நாள் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம், நாடு முழுவதிலும் 33 வட்டாரங்களில், தொடங்கியது. இன்று புதுவை மாநிலத்தில் 800-க்கும் மேற்பட்ட அங்கன்வாடிகள் இருக்கின்றன. ஆகவே புதிதாக ஒன்றைக் கற்பனை செய்யச் சொல்லவில்லை. வீதிதோறும் இருக்கிற ஒன்றை அது பிறந்த நோக்கத்துக்குத் திருப்பச் சொல்கிறோம்.

விளையாட்டு வீண்பொழுதா?

"அங்கே என்னய்யா சொல்லித் தருகிறார்கள், சும்மா விளையாட விடுகிறார்கள்" என்று சலித்துக்கொள்ளும் தகப்பன்மார் உண்டு. அவர்கள் நம்மவர்கள். அவர்களோடு சண்டையில்லை, கொஞ்சம் பேச வேண்டும்.

பல்லாங்குழி ஆடும் பிள்ளையைப் பாருங்கள். ஒரு குழிக்கு ஒரு சோழி என்று போட்டுக்கொண்டே போகிறது. ஒன்றுக்கு ஒன்று என்ற அந்தப் பொருத்தம்தான் கணக்கின் முதற்படி. "ஒன்று, இரண்டு, மூன்று" என்று நூறுவரை ஒப்பிக்கும் பிள்ளையிடம், "இதில் ஐந்து சோழி எடுத்துக் கொடு" என்று கேட்டால் கைநிறைய அள்ளிக் கொடுக்கும். அதற்கு எண்ணின் பாட்டுத் தெரியும், எண் தெரியாது. மணலை ஒரு செம்பிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றுகிற பிள்ளை அளவையைக் கற்கிறது. ஊசிமணி கோக்கும் பிள்ளை, பின்னால் பென்சில் பிடிக்க வேண்டிய விரலுக்குப் பயிற்சி கொடுக்கிறது. வைத்திக்குப்பத்துப் பிள்ளை கிளிஞ்சலைப் பெரியது, சிறியது, வெள்ளை, வரி போட்டது என்று பிரித்து வைத்தால், அது வகைப்படுத்தல். அறிவியலின் அரிச்சுவடி அது. கதை கேட்கிற பிள்ளை, 'அப்புறம் என்ன ஆச்சு' என்று கேட்கும்போது காரண காரியத்தைத் தொடுகிறது.

மூன்று வயதில் மணிக்கட்டின் சிறு எலும்புகள் எல்லாம் இன்னும் உருவாகி முடியவில்லை. அந்தக் கையில் பென்சிலைத் திணித்து, நான்கு கோட்டு நோட்டில் நூறு முறை எழுது என்பது, வலுக்காத தோளில் மூட்டை ஏற்றுவது போலத்தான். மூட்டைத் தொழிலாளிக்கு இதை விளக்க வேண்டியதில்லை. நம் முன்னோர் திண்ணைப் பள்ளியில் மணலைப் பரப்பி விரலால் எழுதச் சொன்னார்கள். திண்ணைப் பள்ளியின் பிரம்பு வேண்டாம், மனப்பாட ஓலமும் வேண்டாம். அந்த மணல் மட்டும் நல்ல யோசனை. 1790-களில் சென்னை எழும்பூரில் அநாதைப் பள்ளி நடத்திய ஆண்ட்ரூ பெல், இங்கத்திய பிள்ளைகள் மணலில் எழுதுவதைப் பார்த்துத் தம் பள்ளியில் புகுத்தி, இங்கிலாந்துக்கும் கொண்டுபோனார். மான்டிசோரி அம்மையார் உப்புத்தாளில் வெட்டிய எழுத்தை விரலால் தடவச் சொன்னதும் இதே அறிவுதான். விரல் முதலில் அறிய வேண்டும், பிறகு கண், பிறகு பென்சில்.

எல்லாவற்றுக்கும் மேலானது பேச்சு. பிள்ளை பேச வேண்டும், ஆசிரியை கேட்க வேண்டும். ஆசிரியை "சொல்லு!" என்று அதட்டினால் பிள்ளை ஒப்பிக்கும். "உனக்கு என்ன தோணுது?" என்று கேட்டால் பிள்ளை யோசிக்கும். பிள்ளை தனியே செய்ய முடிவதற்கும், பெரியவர் கைகொடுத்தால் செய்ய முடிவதற்கும் இடையில் இருக்கும் இடத்தில்தான் கற்பித்தல் நடக்கிறது என்றார் சோவியத் உளவியலாளர் வைகாட்ஸ்கி. அந்தக் கைகொடுப்பு எந்த மொழியில் நடக்கும்? தாலாட்டுக் கேட்ட மொழியில்தானே நடக்க முடியும்! பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் இந்த மண்ணில் பல்லாண்டு பள்ளி ஆசிரியராகப் பணியாற்றிய பாவேந்தர் பாரதிதாசன் பிள்ளைகளுக்கென்று தனியே தமிழில் பாட்டு எழுதியது பொழுது போகாமலா? 2022-இல் வெளியான தேசிய அடிப்படை நிலைக் கலைத்திட்டமே, இந்த வயதில் விளையாட்டும் தாய்மொழியும்தான் வழி என்று எழுதியிருக்கிறது. எழுதியதை யார் செய்கிறார்கள் என்பதுதான் கேள்வி.

ஆராய்ச்சி சொல்லும் கணக்கு

பேச்சு போதும், கணக்கைக் காட்டு என்பீர்கள். காட்டுகிறேன்.

அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்து இப்சிலாண்டி என்னும் ஊரில், 1962 முதல் 1967 வரை, ஏழைக் கறுப்பினக் குடும்பங்களின் 123 பிள்ளைகளை எடுத்துக்கொண்டார்கள். 58 பிள்ளைகளுக்கு மூன்று, நான்கு வயதில் நல்ல முன்பருவப் பள்ளி. மீதி 65 பிள்ளைகளுக்கு அது இல்லை. பள்ளி என்றால் காலையில் இரண்டரை மணி நேரம். பிள்ளைகளே இன்று என்ன செய்யப் போகிறோம் என்று திட்டமிடும், செய்யும், செய்ததைச் சொல்லும். வாரம் ஒரு முறை ஆசிரியை வீட்டுக்கே போய்த் தாயோடு உட்காருவார். பிறகு அந்தப் பிள்ளைகளை விடாமல் பின்தொடர்ந்தார்கள், ஓராண்டு ஈராண்டு அல்ல, நாற்பது வயதுவரை! முன்பருவப் பள்ளிக்குப் போனவர்களில் நூற்றுக்கு 77 பேர் உயர்நிலைக் கல்வி முடித்தார்கள். போகாதவர்களில் 60 பேர். போனவர்கள் நாற்பது வயதில் கூடுதலாகச் சம்பாதித்தார்கள். சிறைவாசலை மிதித்தவர்கள் அவர்களில் குறைவு. இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அறிவுத்திறன் தேர்வில் முதலில் தெரிந்த உயர்வு சில ஆண்டுகளில் மறைந்துவிட்டது. மறையாமல் நின்றது வேறு: பொறுமை, முயற்சி, பிறரோடு கூடி வேலை செய்யும் பழக்கம். விளையாட்டில் கற்றது வாழ்க்கையில் நின்றது.

அது அமெரிக்கா, நம் ஊருக்கு ஒத்துவருமா? பக்கத்துத் தமிழ்நாட்டிலேயே பார்த்தாகிவிட்டது. 320 அங்கன்வாடிகளை எடுத்து, அவற்றில் பாதிக்குச் சீட்டுக் குலுக்கியது போல் தேர்ந்து, அரைநாள் வேலைக்கு ஒரே ஒரு கூடுதல் பணியாளரை அமர்த்தினார்கள். அவருக்கு வேலை கல்வி மட்டும். கார்த்திக் முரளிதரனும் இரு அமெரிக்கப் பேராசிரியர்களும் செய்த இந்த ஆய்வின் அறிக்கை 2021-இல் வெளிவந்தது. கல்விக்குக் கிடைத்த நேரம் இரட்டிப்பாயிற்று. பதினெட்டு மாதத்தில் அந்த மையங்களின் பிள்ளைகள் கணக்கிலும் மொழியிலும் மற்ற மையத்துப் பிள்ளைகளைத் தெளிவாக முந்தினார்கள். அதைவிட வியப்பு, வயதுக்கேற்ற உயரமில்லாமல் குன்றிய பிள்ளைகளின் எண்ணிக்கையும் குறைந்தது. ஏன்? பழைய பணியாளருக்குச் சற்றே மூச்சுவிட நேரம் கிடைத்தது. உணவையும் எடையையும் அவர் கவனித்தார்.

கோடி கொட்டிக் கட்டடம் கட்டவில்லை. கணினி வாங்கவில்லை. ஒரு மனுஷியைக் கூடுதலாக வைத்தார்கள். அவ்வளவுதான்!

பொம்மை பீரோவில், பதிவேடு கையில்

இப்போது நம் அங்கன்வாடிக்கு வாருங்கள். ஒரு பணியாளர், ஓர் உதவியாளர். சத்துணவு, தடுப்பூசி, உடல் பரிசோதனை, மருத்துவமனைக்கு அனுப்புதல், தாய்மார்க்கு நலக்கல்வி, முன்பருவக் கல்வி என்று ஆறு பணிகள். இவற்றோடு பதிவேடுகள், 2021 முதல் கைப்பேசியில் ஏற்ற வேண்டிய கணக்குகள் வேறு. இத்தனைக்கும் நடுவே எந்த நேரத்தில் அந்தப் பெண் தரையில் உட்கார்ந்து, ஒரு பிள்ளையிடம் "உனக்கு என்ன தோணுது?" என்று கேட்பார்?

அரசு வாங்கிக் கொடுத்த பொம்மையைப் பீரோவில் பூட்டி வைத்திருக்கிற மையங்களை நீங்களே பார்த்திருப்பீர்கள். ஏன் பூட்டுகிறார்கள்? உடைந்தால் கணக்குக் காட்ட வேண்டும்! உடையும் என்று பயந்து பூட்டிய பொம்மை, நனையும் என்று பயந்து மடித்து வைத்த குடை. பூட்டியவர் மீது கோபப்படாதீர்கள். உடைந்த பொம்மைக்குக் கணக்குக் கேட்டு, உடைந்த பிள்ளைப்பருவத்துக்குக் கணக்குக் கேட்காத முறையின் மீது கோபப்படுங்கள்.

அந்தப் பெண்ணுக்குச் சம்பளம் என்று சொல்லக் கூடாதாம், 'மதிப்பூதியம்' என்று சொல்ல வேண்டுமாம். தொழிலாளி என்று சொல்லக் கூடாதாம், 'தொண்டர்' என்று சொல்ல வேண்டுமாம். 2018 அக்டோபரில் மத்திய அரசு பணியாளர்க்கு மாதம் 3,000 ரூபாயிலிருந்து 4,500 ரூபாயாகவும், உதவியாளர்க்கு 1,500-லிருந்து 2,250 ஆகவும் உயர்த்தியது. அதன்மேல் மாநிலம் சேர்த்துத் தருவதுதான் மிச்சம். 2022 ஏப்ரலில் உச்சநீதிமன்றம், இவர்கள் செய்வது முழுநேரப் பணி, பணிக்கொடைக்கு இவர்களும் உரியவர்கள் என்று தீர்ப்பளித்தது. தீர்ப்பைப் பெற்றுத் தந்தவர்கள் குஜராத்தின் அங்கன்வாடிப் பெண்கள்தாம். நம் புதுவையில் அரசுத் தொடக்கப் பள்ளிகளின் மழலை வகுப்புகளில் ஒப்பந்தத்தில் வேலை பார்த்த பாலசேவிகாக்களும் பணி நிரந்தரம் கேட்டுத் தெருவில் நின்றார்கள். நாளை வேலை இருக்குமோ என்று கலங்கும் நெஞ்சோடு ஒரு பெண் நாற்பது பிள்ளைகளுக்குக் கதை சொல்ல முடியுமா?

தகப்பனின் ஆசை

இந்த ஓட்டை வழியாகத்தான் 'எல்.கே.ஜி.' வியாபாரம் நுழைகிறது. மூட்டை தூக்கும் தோழர், பெண்டாட்டியின் தோட்டை அடகு வைத்துக் கட்டணம் கட்டுகிறார். பிள்ளை கழுத்தில் டை, காலில் பூட்ஸ், முதுகில் பை. அவரைக் கேலி செய்பவன் மனிதனல்லன். தான் பட்ட பாட்டைப் பிள்ளை படக் கூடாது என்கிற ஆசையில் என்ன குற்றம்? ஆனால் அந்த ஆசைக்கு விலையாக அவர் பெறுவது என்ன? நெருக்கி உட்காரவைத்த அறை, ஒரே குரலில் ஒப்பித்தல், வீட்டுப்பாடம், வீட்டில் யாருக்கும் புரியாத மொழி. ஆங்கிலம் வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. தாய்மொழியில் நன்றாகப் பேசி யோசிக்கப் பழகிய பிள்ளைக்கு இன்னொரு மொழி ஏறும். அடித்தளமில்லாமல் மாடி எழாது என்கிறோம். மழலைப் பள்ளிச் சேர்க்கைக்குப் பிள்ளைக்கும் பெற்றோருக்கும் நேர்முகத் தேர்வு வைப்பதை ஒழிக்க வேண்டும் என்று 1993-இலேயே யஷ்பால் குழு சொல்லிற்று. 'சுமையில்லாத கல்வி' என்று அந்த அறிக்கைக்குப் பெயர். சுமை இறங்கவில்லை, பை பெரிதாயிற்று.

பெரிய வாய்க்காலுக்குக் கிழக்கே போய்ப் பாருங்கள். 1826-இல் தோன்றிய பிரெஞ்சுப் பள்ளி இன்றும் இருக்கிறது. அங்கே மழலைப் பிரிவு உண்டு, 'எக்கோல் மத்தெர்னெல்' என்பார்கள். பிரான்சு நாட்டில் 1881-லிருந்து அது பொதுக் கல்வியின் ஓர் அங்கம். 2019 முதல் அந்த நாட்டில் மூன்று வயதிலிருந்தே கல்வி கட்டாயம். அதை நடத்துபவர் மற்ற ஆசிரியரைப் போலவே பயிற்சி பெற்று, சம்பளம் பெறும் ஆசிரியர். 1954 நவம்பர் முதல் நாள் பிரெஞ்சு ஆட்சி இங்கிருந்து போயிற்று, போகட்டும், நல்லது. விரட்டிய ஆட்சி தன் ஊர்ப் பிள்ளைக்கு மூன்று வயதில் கொடுத்ததை, விடுதலை பெற்ற நாம் நம் பிள்ளைக்குக் கொடுக்கவில்லை என்றால் வெட்கம் யாருக்கு?

செய்ய முடியாத ஊரா இது? 1930-லேயே பள்ளியில் மதிய உணவு கண்ட ஊர். காலையில் ரொட்டியும் பாலும் கொடுத்த ஊர். வயிற்றைக் கவனித்த ஊருக்கு மூளையைக் கவனிக்கத் தெரியாதா?

நாம் செய்ய வேண்டியது

கேட்க வேண்டியவை அதிகமில்லை. மூன்று வயதிலிருந்து கல்வி உரிமையாக வேண்டும்; 'செய்யலாம்' போய் 'செய்ய வேண்டும்' வர வேண்டும். மையத்துக்கு ஒருவராவது கல்விக்கென்றே கூடுதலாக வேண்டும். உழைக்கும் தாய் வேலை முடிந்து வரும்வரை மையம் திறந்திருக்க வேண்டும். நடுப்பகலில் பூட்டிவிட்டால் மீதி நாளுக்குப் பிள்ளை மறுபடி தெருவில்தான். அங்கே வேலை பார்க்கும் பெண், தொழிலாளி என்று பெயராலும் ஊதியத்தாலும் மதிக்கப்பட வேண்டும்.

கேட்பதற்கு முன் பார்க்க வேண்டும். வார்டு உறுப்பினரிடம் சொல்லலாம் என்றால், நம் மாநிலத்தில் 38 ஆண்டுக்குப்பின் 2006-இல் நடந்த உள்ளாட்சித் தேர்தலின் பதவிக்காலம் 2011-இல் முடிந்து, அதன்பின் பத்தாண்டுக்கு மேல் தேர்தலே காணோம். ஆகவே கிளைத் தோழர்களே, நீங்கள்தான் போக வேண்டும். உங்கள் வீதி அங்கன்வாடிக்கு ஒருநாள் காலை போங்கள். அதிகாரம் செய்யப் போகாதீர்கள், அந்தப் பெண்ணுக்குத் துணையாகப் போங்கள். கரும்பலகை பிள்ளையின் கைக்கு எட்டுகிறதா? விளையாட மணல் இருக்கிறதா? பொம்மை வெளியே இருக்கிறதா, பீரோவில் இருக்கிறதா? குடிக்கத் தண்ணீரும் குழந்தைக்கேற்ற கழிவறையும் உண்டா? பத்து நிமிடம் ஓர் ஓரமாக உட்கார்ந்து கேளுங்கள்: பேசுவது பிள்ளைகளா, ஆசிரியை மட்டுமா? பார்த்ததை எழுதிக் கிளைக் கூட்டத்தில் வையுங்கள். தச்சர் தோழர் மிஞ்சிய பலகையில் நான்கு கட்டை இழைத்துக் கொடுக்கலாம். தையல் தோழர் துண்டுத் துணியில் பொம்மை தைக்கலாம். கதை சொல்லத் தெரிந்த பாட்டிகளுக்கு நம் வீதிகளில் பஞ்சமா? அரசு செய்ய வேண்டியதை நாமே செய்து அரசை விட்டுவிடுவதற்காகச் சொல்லவில்லை. எது வேண்டும் என்று நமக்கே தெரிந்தால்தான் ஓங்கிக் கேட்க முடியும்.

எட்டு மணி நேர வேலையை யாரும் நமக்குத் தானமாகக் கொடுக்கவில்லை. கேட்டோம், நின்றோம், விழுந்தோம், பெற்றோம். மூன்று வயதுப் பிள்ளைக்குச் சங்கம் கிடையாது, கோஷம் போடத் தெரியாது, வாக்கும் கிடையாது. அதற்காகக் கேட்க வேண்டியவர்கள் நாம். அடுத்த மே தின ஊர்வலத்தில் கூலி, வேலைநேரம் என்று எழுதிய பலகைகளுக்கு நடுவே, "மூன்று வயதில் உரிமை" என்று எழுதிய ஒரு பலகையும் போகட்டும். அதைத் தூக்கிப் பிடிக்கும் கை, பிள்ளையை இடுப்பில் வைத்திருக்கும் தாயின் கையாக இருக்கட்டும்.